வாஷிங்டன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் சில காலமாவது வேலை செய்த பத்திரிகையாளர் எவரும் 'வாஷிங்டன்' என்ற சொல்லைத் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவைகள் எழுதியிருப்பர். நானும் எழுதியிருக்கின்றேன். ரெலிபிரின்ரரில் வந்து விழும் செய்திச் சுருளின் தலைப்பிலேயே அந்தப் பெயர் நிற்கும். வாஷிங்டன் எச்சரித்தது, வாஷிங்டன் மறுத்தது, வாஷிங்டன் கவலை தெரிவித்தது என்றெல்லாம் தமிழாக்கித் தள்ளுவோம். ஒரு நகரத்துக்கும், ஒரு மாநிலத்துக்கும், ஓர் அரசாங்கத்துக்கும், அதன் முதலாவது ஜனாதிபதிக்கும் உரிய அந்தச் சொல், அவை எல்லாவற்றுக்கும் முன்னர் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயராக இருந்தது. அதற்கும் முன்னர் வட இங்கிலாந்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயராக இருந்தது.

அந்தப் பெயரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது ஒரு புள்ளிவிபரம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சனத்தொகைக் கணிப்பின்படி வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரைக் கொண்டவர்கள் 163,036 பேர். இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்கள்! ஸ்மித், ஜோன்சன், வில்லியம்ஸ் போன்ற எந்தப் பிரபல பெயரிலும் இத்தகைய விகிதம் இல்லை. இரண்டாவதாக வரும் ஜெபர்சன் என்ற பெயரில் நூற்றுக்கு 75 பேர் அளவில் கறுப்பினத்தவர். அடிமைகளுக்கு விடுதலை அளித்தவர் என்று போற்றப்படும் ஆபிரகாம் லிங்கனின் பெயரைத் தாங்கியவர்களிலோ கறுப்பினத்தவர் சுமார் 14 வீதத்தினரே. விடுவித்தவரின் பெயரை விட்டு, அடிமைகளை வைத்திருந்தவரின் பெயர் எவ்வாறு இம்மக்களின் பெயராயிற்று? இக்கேள்விக்கு விடை தேடுவதானால் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம்மவரிடையே குடும்பப் பெயர் என்றொரு வழக்கம் இருந்ததில்லை. தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னெழுத்தாக நிற்கும். பேரனின் காலத்தில் அது மறைந்து போகும். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நிலைமை இதைவிடப் பெரிதும் வேறுபட்டதன்று. 1066இல் நோர்மன்கள் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரே, நிலம் படைத்தோர் தாம் ஆளும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் பழக்கம் பரவலாயிற்று. நிலத்தைத் தந்தையிடமிருந்து மகன் பெறுகின்றபோது பெயரையும் சேர்த்தே பெற்றான். சாதாரண குடிமக்களுக்கு இந்த வழக்கம் இறங்கி வர மேலும் இரு நூற்றாண்டுகள் சென்றன. ஆகவே குடும்பப் பெயர் என்பது தொடக்கத்தில் ஓர் உறுதிப்பத்திரத்தைப் போன்றதே. நம்முடைய வழக்கில் சொல்வதானால், காணித் தோம்பில் ஏறிய பெயர்.

வாஷிங்டன் குடும்பத்தின் கதையும் ஒரு காணிப் பரிமாற்றத்திலேயே தொடங்குகின்றது. டர்ஹம் ஆயர் தமது ஆட்சிக்குட்பட்ட நிலங்களையும் அவற்றின் வருமானங்களையும் கணக்கெடுத்து 1183இல் ஒரு பதிவேட்டைத் தயாரிப்பித்தார். 'போல்டன் புத்தகம்' என்று அது அழைக்கப்படுகின்றது. ஹேர்ட்பேர்ன் என்ற ஊருக்குரிய வில்லியம் என்பவர் அந்த ஊரைக் கொடுத்து, அதற்கு மாற்றாக வெசிங்டன் என்ற ஊரைப் பெற்றிருந்தார் என்பதை அதிலிருந்து அறிகின்றோம். அதுவரை ஹேர்ட்பேர்ன் வில்லியமாக இருந்தவர் அதன் பின் வெசிங்டன் வில்லியம் ஆனார். காணி மாறியதும் பெயரும் மாறிவிட்டது. வில்லியம் மட்டும் அந்தப் பரிமாற்றத்துக்கு இணங்காதிருந்தால், இன்று அமெரிக்கத் தலைநகர் 'ஹேர்ட்பேர்ன்' என்ற பெயரில் விளங்கியிருக்கக் கூடும். நாமும் "ஹேர்ட்பேர்ன் கவலை தெரிவித்தது" என்று எழுதிக்கொண்டிருந்திருப்போம்.

ஊரின் பெயர் குடும்பத்தை விடவும் தொன்மையானது. அது பழைய ஆங்கிலச் சொல். 'ஹ்வாசா' என்பது ஒரு மனிதனின் பெயர். 'இங்' என்பது அவனைச் சேர்ந்தோரைக் குறிக்கும் விகுதி. 'டூன்' என்பது வேலியடைத்த குடியிருப்பு. இன்றைய ஆங்கிலத்தில் நகரத்தைக் குறிக்கும் 'டவுன்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. ஆக, ஹ்வாசாவின் ஆட்கள் வாழ்ந்த குடியிருப்பு என்பதே பொருள். ஒரு குலத்தலைவனின் பெயரோடு 'குடி' என்பதைச் சேர்த்து நம்மவர்கள் ஊருக்குப் பெயரிட்ட முறையை இது நினைவூட்டுகின்றது. அந்த ஹ்வாசா யார், எப்போது வந்தான் என்பவற்றைக் கூறும் ஏடு எதுவும் இல்லை. பெயர் மாத்திரமே எஞ்சியது. அதுவும் எழுத்து மாறி, ஒலி மாறி, உலகமெங்கும் உச்சரிக்கப்படும் நிலைக்கு உயர்ந்தது.

வெசிங்டன் குடும்பத்தினரின் இலச்சினை வெண்ணிறப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டைகளையும், அவற்றுக்கு மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்களையும் கொண்டது. யோர்க்‌ஷயரில் உள்ள செல்பி மடாலயத்தின் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் அதனை இன்றும் காணலாம். அமெரிக்கத் தேசியக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளும் இதிலிருந்தே தோன்றின என்று கூறுவோர் பலர். கேட்பதற்கு இனிமையாக இருப்பினும் இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் 1938இல் கொலம்பியா மாவட்டம், அதாவது அமெரிக்கத் தலைநகரம், ஏற்றுக்கொண்ட கொடி அப்படியே அந்தக் குடும்ப இலச்சினைதான். போரில் காயமடையும் அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்படும் 'ஊதா இதயம்' பதக்கத்தின் மேற்பகுதியிலும் அதே இலச்சினை உண்டு.

இக்குடும்பத்தின் மூத்த கிளை காலப்போக்கில் அருகிவிட, ஏனையோர் தெற்கு நோக்கிப் பரவினர். ஜோன் வெசிங்டன் என்பவர் 1416 முதல் முப்பது ஆண்டுகள் டர்ஹம் பேராலய மடத்தின் தலைவராக இருந்தார். வேறொரு கிளையினர் லங்காஷயருக்குச் சென்றனர். அவர்களின் வழிவந்த லோறன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்து, நோர்தம்ப்ரன் நகரின் மேயராகவும் விளங்கினார். எட்டாம் ஹென்றி மன்னர் கத்தோலிக்க மடங்களைக் கலைத்து, அவற்றின் சொத்துக்களை விற்றுக் காசாக்கிய காலம் அது. மடமொன்றுக்குச் சொந்தமாயிருந்த சல்கிரேவ் என்ற காணியை 1539இல் 324 பவுண் சொச்சத்துக்கு லோறன்ஸ் வாங்கினார். அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கின்றது. அமெரிக்க உல்லாசப் பிரயாணிகள் அங்கு சென்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

அவரின் சந்ததியில் வந்த இன்னொரு லோறன்ஸ், எசெக்ஸில் பேர்லி என்ற கிராமத்தின் மதகுருவாக இருந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, நாடாளுமன்றத்தை ஆதரித்த தூய்மைவாதிகள் 1643இல் அவரைப் பதவியிலிருந்து விலக்கினர். அவர் ஓயாமல் மதுச்சாலைக்குச் செல்பவர் என்பது குற்றச்சாட்டு. அவர் உண்மையிலேயே குடிகாரர்தானா, அல்லது மன்னரின் ஆதரவாளர் என்பதற்காக அவ்வாறு குற்றம் சுமத்தப்பட்டதா என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. அரசியல் எதிரியை ஒழுக்கக் குற்றத்தின் பெயரால் வீழ்த்தும் கலை எல்லாக் காலத்துக்கும் உரியது என்பதால், இரண்டாவதை நம்பவே எனக்கு விருப்பம். எவ்வாறாயினும் குடும்பம் நொடித்தது. மதகுருவின் மூத்த மகன் ஜோன் பிழைப்புத் தேடிக் கப்பலில் ஏறினான்.

'கடற்குதிரை' என்ற பெயர் கொண்ட அந்தக் கப்பல் வேர்ஜீனியாவுக்குச் சென்று புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்காகப் புறப்பட்டது. 1657இன் தொடக்கத்தில் பொட்டோமக் ஆற்றில் அது புயலில் சிக்கித் தரை தட்டியது. கப்பலைச் சரிசெய்யும் காலத்தில் ஜோன் அங்கேயே தங்கிவிடத் தீர்மானித்தான். வசதியான குடியேற்றக்காரர் ஒருவரின் மகளை மணந்து, சீதனமாக நிலமும் பெற்று, வாஷிங்டன் என்ற பெயரை அமெரிக்க மண்ணில் ஊன்றினான். இவனுடைய பூட்டன்தான் ஜோர்ஜ் வாஷிங்டன்.

இவ்விடத்தில் ஒரு சுவையான, ஆனால் கசப்பும் கலந்த தகவலைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் பூர்வகுடிகள் இந்த ஜோனுக்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தனர். 'கொனொடோக்காரியஸ்' என்பது அப்பெயர். ஊர்களை அழிப்பவன் என்று பொருள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 1753இல் பூர்வகுடித் தலைவர் ஒருவர் அதே பெயரை இளைஞரான ஜோர்ஜ் வாஷிங்டனுக்கும் வழங்கினார். 1779இல் அவரின் கட்டளைப்படி சென்ற படை இரோக்குவா மக்களின் ஊர்களையும் பயிர்நிலங்களையும் எரித்த பின்னர், அம்மக்கள் வேறெந்தப் பெயராலும் அவரை அழைக்க விரும்பவில்லை. குடியிருப்பு என்று பொருள்படும் பெயரை இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த குடும்பம், குடியிருப்புகளை அழிப்போர் என்ற பெயரை அமெரிக்காவில் தேடிக்கொண்டது.

ஜோர்ஜ் தம் தந்தையை இழந்தபோது அவருக்கு வயது பதினொன்று. முதுசமாகக் கிடைத்தவற்றில் நிலத்தோடு பத்து அடிமைகளும் அடங்குவர். 1799இல் அவர் மரணித்த வேளை, மவுண்ட் வேர்ணன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். இவர்களுள் 123 பேர் அவரின் சொந்த உடைமை. 153 பேர் அவரின் மனைவி மார்த்தாவின் முதற் கணவருடைய ஆதனத்துக்கு உரியவர்கள். எஞ்சியோர் வாடகைக்குப் பெறப்பட்டவர்கள். தம் சொந்த அடிமைகளை மனைவியின் மரணத்தின் பின் விடுதலை செய்யுமாறு அவர் மரணசாசனம் எழுதியிருந்தார். போர்க்காலம் முழுவதும் அவர் அருகில் நின்ற பணியாளர் வில்லியத்துக்கு மட்டும் உடனடி விடுதலையும் வருடாந்தம் 30 டொலர் உபகாரமும் கிடைத்தன. அந்த வில்லியம் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தது முந்திய எசமானின் குடும்பப் பெயரான 'லீ' என்பதையே. தன் மரணத்துக்காக 123 பேர் காத்திருக்கும் வீட்டில் உறங்குவது மார்த்தாவுக்கு உவப்பாக இருக்கவில்லை போலும். 1801 ஜனவரி முதலாந் திகதியே அவர்களை விடுவித்தார். ஆனால் 153 பேருக்கு விடுதலை கிடைக்கவில்லை. அவர்கள் மார்த்தாவின் பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டனர். கணவன் விடுதலை பெற, மனைவியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே தொடர்ந்த குடும்பங்கள் பல.

ஜோர்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே அவரின் நேரடி வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர் எவரும் இலர். ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அவருடைய பெயரை எடுத்துக்கொண்டு கடல் கடந்த ஒருவர் இருந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பிடாத அந்த மனிதரின் வரலாற்றை ஓரளவு விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன்.

மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா ஆற்றுப் பகுதியில் 1740ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவர். தாய் தந்தையர் இட்ட பெயர் எதிலும் பதியப்படவில்லை. ஹரி என்பது அடிமைச் சந்தை தந்த பெயர். 1763இல் சதுப்பு நிலமொன்றை வடித்து விளைநிலமாக்கும் திட்டத்துக்காக ஜோர்ஜ் வாஷிங்டன் இவரை விலைக்கு வாங்கினார். பின்னர் மவுண்ட் வேர்ணனில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. 1775 நவம்பரில், புரட்சியாளர்களின் அடிமைகள் பிரித்தானியப் படையில் சேர்ந்தால் விடுதலை பெறலாம் என்று வேர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரகடனம் செய்தார். ஹரி அடுத்த ஆண்டே தப்பிச் சென்று பிரித்தானியரோடு சேர்ந்துகொண்டார். சுதந்திரத்துக்காகப் போரிட்ட தளபதியிடமிருந்து அவருடைய அடிமை சுதந்திரம் தேடி ஓடினார்.

போர் முடிந்தது, பிரித்தானியர் தோற்றனர். 1783 மே மாதத்தில் ஜோர்ஜ் வாஷிங்டனும் பிரித்தானியத் தளபதி கை கார்ல்ரனும் நேரில் சந்தித்தபோது, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று வாஷிங்டன் வற்புறுத்தினார். விடுதலை தருவதாக வாக்களிக்கப்பட்டவர்களைக் கையளிப்பது மானக்கேடு என்று கார்ல்ரன் மறுத்தார். பின்னொரு நாள் நட்டஈடு கோரப்படுமாயின் உதவட்டும் என்று, கப்பலேறும் ஒவ்வொருவருடைய பெயரும் வயதும் முந்திய எசமானின் பெயரும் ஒரு பேரேட்டில் பதியப்பட்டன. மூவாயிரம் பேரின் விபரங்களைக் கொண்ட அந்தப் பேரேடு இன்றும் உள்ளது. அதில், வயது 43, ஏழாண்டுகளுக்கு முன் தளபதி வாஷிங்டனை விட்டு நீங்கியவர் என்ற குறிப்போடு காணப்படும் பெயர், ஹரி வாஷிங்டன்.

அந்தப் பெயரை எழுத்தர் எழுதினாரா, ஹரியே சொன்னாரா என்று ஒருவர் கேட்கலாம். அதே பேரேட்டில் முந்திய எசமானின் பெயரோடு தொடர்பில்லாத குடும்பப் பெயர்களைக் கொண்டவர்கள் ஏராளமாக உள்ளனர். ஆதலால் பெயர் கூறும் உரிமை அவர்களிடமே இருந்தது என்று கொள்வது பொருத்தம் என நினைக்கின்றேன். ஹரி அந்தப் பெயரைக் கடைசிவரை விட்டுவிடவுமில்லை.

நோவா ஸ்கோஷியாவின் குளிரிலும் கற்றரையிலும் எட்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பின்னர், 1792 ஜனவரியில் ஆயிரத்துக்கும் அதிகமான கறுப்பின மக்கள் 15 கப்பல்களில் சியரா லியோனுக்குப் புறப்பட்டனர். ஹரி வாஷிங்டனும் மனைவியும் அவர்களுள் இருந்தனர். அடிமையாகக் கொண்டு செல்லப்பட்ட அதே கடலின் வழியே சுதந்திர மனிதராக ஆபிரிக்காவுக்கு அவர் திரும்பினார். ஆனால் அங்கு நிருவாகம் நடத்திய கம்பனி, இலவசமாகத் தருவதாகக் கூறிய நிலத்துக்கு வரி கேட்டது. குடியேறியவர்கள் மறுத்தனர். 1800இல் தாமே சட்டமியற்றி அறிவித்துக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது. இருவர் தூக்கிலிடப்பட்டனர், ஏனையோர் நாடு கடத்தப்பட்டனர். புல்லம் கரைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஹரி வாஷிங்டனும் ஒருவர். தங்கள் சம்மதமின்றி விதிக்கப்பட்ட வரியை எதிர்த்து ஒரு வாஷிங்டன் போரிட்டுத் தேசபிதாவானார். அதே காரணத்துக்காக எழுந்த இன்னொரு வாஷிங்டன் கலகக்காரர் எனத் தண்டிக்கப்பட்டார். முன்னவர் இறந்து ஓராண்டுகூட அப்போது நிறைவடைந்திருக்கவில்லை.

ஹரி கப்பலில் சென்ற அதே 1792இல், லண்டனிலிருந்து இலச்சினைத் துறையின் தலைமை அதிகாரி ஐசக் ஹேர்ட் என்பவர் ஜோர்ஜ் வாஷிங்டனின் குலவழியை விசாரித்து எழுதியிருந்த கடிதத்துக்கு ஜனாதிபதி பதில் அனுப்பினார். அந்த விடயத்தில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். பரம்பரைப் பெருமையில் அவருக்கு அத்துணை ஆர்வம் இருக்கவில்லை.

அவருக்குப் பின் மவுண்ட் வேர்ணன் பண்ணை சகோதரன் மகன் புஷ்ரொட் வாஷிங்டனுக்குச் சென்றது. இவர் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் நீதியரசர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவுக்கு அனுப்புவதற்கென 1816இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் முதற் தலைவரும் இவரே. அந்த நீதியரசர் 1821இல் தமது அடிமைகளில் 54 பேரை லூசியானாவுக்கு விற்றார். அது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1859இல் ஜோன் பிரவுன் ஹார்ப்பர்ஸ் பெரியில் கிளர்ச்சி செய்தபோது பணயமாகப் பிடிபட்டவர்களில் லூயிஸ் வாஷிங்டன் ஒருவர். ஜோர்ஜ் வாஷிங்டனின் வாளொன்றையும் கிளர்ச்சியாளர் கைப்பற்றினர். பண்ணையின் கடைசிக் குடும்ப உரிமையாளரான ஜோன் ஒகஸ்ரின் வாஷிங்டன், 1858இல் இரண்டு லட்சம் டொலருக்கு அதனைப் பெண்கள் சங்கமொன்றுக்கு விற்க உடன்பட்டார். 1861இல் தென்பகுதிப் படையில் நின்று உயிரிழந்தார். தேசபிதாவின் குடும்பம் அவர் உருவாக்கிய தேசத்துக்கு எதிராக ஆயுதமேந்தியது.

அந்தப் போரின் முடிவில் நாற்பது லட்சம் மக்கள் விடுதலை பெற்றனர். 1850, 1860ஆம் ஆண்டுகளின் கணிப்புகளில் அவர்களுக்குப் பெயரே இருக்கவில்லை. எசமானின் பெயரின் கீழ், ஆண், பெண், வயது, நிறம் என்று மாடுகளை எண்ணுவது போல் எண்ணியிருந்தனர். 1870ஆம் ஆண்டுக் கணிப்பில்தான் முதன்முறையாக எல்லோருடைய பெயரும் ஏறியது. படையில் சம்பளம் பெறவும், கூலி ஒப்பந்தம் எழுதவும், விவாகத்தைப் பதியவும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் இரண்டாவது பெயரொன்று தேவைப்பட்டது.

அந்த வேளையில் அவர்கள் அகப்பட்ட பெயரை அவசரமாக ஒட்டிக்கொண்டார்கள் என்று பொதுவாகக் கூறப்படுவது முழு உண்மையன்று. அடிமைகள் பலரிடம் ஏற்கெனவே குடும்பப் பெயர் இருந்தது. எசமானர்களின் ஏட்டில் ஏறாது, தமக்குள் மாத்திரம் வழங்கி, தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் சென்ற பெயர் அது. பெரும்பாலும் தற்போதைய எசமானுடையதாக இராது, பாட்டன் காலத்து முதல் எசமானுடையதாக இருந்தது. விற்கப்பட்டுச் சிதறிய உறவினர் ஒரு காலத்தில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அதைவிட வேறு அடையாளம் அவர்களிடம் இருக்கவில்லை. வாஷிங்டன் என்பது முதற் பெயராகவும் அடிமைகளிடையே வழங்கியது. தந்தையின் முதற் பெயர் பிள்ளைகளின் குடும்பப் பெயராவது எங்கும் உள்ள வழக்கம். 1841இல் 'கிரியோல்' என்ற அடிமைக் கப்பலைக் கைப்பற்றிப் பஹாமாஸுக்குச் செலுத்தி, நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலை பெறக் காரணமானவரின் பெயர் மடிசன் வாஷிங்டன். இரு ஜனாதிபதிகளின் பெயர் ஒருவரில் இணைந்திருந்தது!

புக்கர் வாஷிங்டனின் அனுபவம் பலரும் அறிந்தது. வேர்ஜீனியாவில் 1856இல் அடிமையாகப் பிறந்த அவருக்குப் 'புக்கர்' என்ற ஒரு பெயர் மட்டுமே இருந்தது. விடுதலையின் பின் பள்ளிக்கூடம் சென்ற முதல் நாட்களில், ஆசிரியர் இடாப்புக் கூப்பிட்டபோது ஏனைய பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டார். தம் முறை வருவதற்குள் யோசித்து, பிறந்த நாளிலிருந்தே அப்படி அழைக்கப்பட்டவர் போல அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்று கூறினாராம். 1901இல் வெளிவந்த தமது சுயசரிதையில் இதனை எழுதியிருக்கின்றார். தாம் பிறந்தபோதே தாய் 'டாலியபெரோ' என்றொரு பெயரையும் இட்டிருந்ததைப் பின்னர் அறிந்து, அதனை நடுவில் சேர்த்துக்கொண்டார். சிற்றப்பனின், அதாவது தாயின் இரண்டாம் கணவரின், முதற் பெயரும் வாஷிங்டன்தான். அப்பெயர் நாட்டுத் தந்தையிடமிருந்து வந்ததா, வீட்டுத் தந்தையிடமிருந்து வந்ததா என்பதற்கு நூலில் விடையில்லை. டஸ்கீகி கல்லூரியைக் கட்டியெழுப்பிய அவர், 1901இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டுடன் வெள்ளை மாளிகையில் விருந்துண்டார். அதற்காகத் தென்மாநிலப் பத்திரிகைகள் ஜனாதிபதியை வசைபாடித் தீர்த்தன. நம் தொழிலுக்கு வெட்கமான பக்கங்கள் அவை.

யாழ்ப்பாண வாசகர்களுக்கு இவ்விடத்தில் வேறொன்று நினைவுக்கு வரக்கூடும். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளில், ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கப் புரவலர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். வட்டுக்கோட்டை செமினறியின் இடாப்பு முழுவதும் நியூ இங்கிலாந்துக் குடும்பப் பெயர்களே.  கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை ஆகிய அறிஞர்களின் பெயர்களும் அவ்வாறு அமைந்தவையே. அடிமைத்தனத்தோடு இதை ஒப்பிடுவது அநியாயம். ஆயினும் கொடுத்தவர் பெயரிட, பெற்றவர் அதைச் சுமந்தார் என்பது இரண்டுக்கும் பொது. நம்மவர்களுக்கு மட்டும், அதை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே நிறுத்திவிட்டுத் தம் சொந்தப் பெயரில் வாழ முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சிலர் இந்தப் பெயர்களை உதறினர். மல்கம் லிட்டில் என்பவர், தம் ஆபிரிக்க மூதாதையரின் அறியப்படாத பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்ற எழுத்தை ஏற்று மல்கம் எக்ஸ் ஆனார். குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே 1964இல் முகமது அலி ஆனார். கிளே என்பதை அடிமைப் பெயர் என்றே அவர் ஒதுக்கினார். ஆனால் அவருக்கும் தந்தைக்கும் இடப்பட்டிருந்த பெயர், கென்டக்கியில் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஒரு வெள்ளையரின் பெயர். பெயர்களின் வரலாறு இப்படித்தான் நேர்கோட்டில் செல்ல மறுக்கின்றது. அலியின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பேரேட்டின் முன் நின்று தம்மை வாங்கியவரின் பெயரைத் தம் பெயராகக் கூறிய ஹரியின் துணிச்சலும், வகுப்பறையில் எழுந்து நின்ற அந்தச் சிறுவனின் துணிச்சலும் எனக்குச் சிறியனவாகத் தோன்றவில்லை.

ஆதியூரான வாஷிங்டன் இப்போது சண்டர்லண்ட் மாநகர எல்லைக்குள் அடங்குகின்றது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊராக அது நெடுங்காலம் இருந்தது. வெசிங்டன்களின் பழைய மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. வாழத் தகுதியற்றது என 1936இல் இடிக்கவிருந்த அதனை, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் முன்னின்று காப்பாற்றினார். 1955இல் அது திருத்தப்பட்டுத் திறந்து வைக்கப்பட்டது. 1977இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அங்கு சென்று மரமொன்று நட்டார்.

அந்த மரம் நடப்பட்ட காலத்தில் அமெரிக்கத் தலைநகரின் மேயராக இருந்தவர் வோல்டர் வாஷிங்டன். ஜோர்ஜியா மாநிலத்தில் 1915இல் பிறந்தவர், அடிமையொருவரின் பூட்டன். 1967இல் ஜனாதிபதி ஜோன்சன் அவரை நகர நிருவாகத்தின் தலைவராக நியமித்தார். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரம் எரிந்தபோது, கொள்ளையடிப்போரைச் சுடுமாறு வந்த ஆலோசனையை ஏற்க அவர் மறுத்துவிட்டார். தம் மேயரைத் தாமே தெரிவு செய்யும் உரிமை அந்நகர மக்களுக்குக் கிடைத்ததும், 1974 தேர்தலில் வென்று, 1975 முதல் 1979 வரை மக்கள் தெரிவு செய்த மேயராகப் பணியாற்றினார். "வாஷிங்டன் மேயர் வாஷிங்டன்" என்று அக்காலத்தில் வந்த செய்திகளில், இரண்டில் ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று எண்ணி வெட்டிவிட்ட உதவி ஆசிரியர்கள் எங்கெங்கோ இருந்திருப்பார்கள். 2003இல் அவர் காலமானார். நகரத்தின் பெரிய மாநாட்டு மண்டபம் இப்போது அவர் பெயரால் அழைக்கப்படுகின்றது.